கூட்டுரோட்டுச் சீனம்

சீனப் பூண்டு இந்தியாவுக்குள் வரக்கூடாது. பூஞ்சைத் தொற்றைக் காரணம் காட்டி 2014இல் அரசு அதன் இறக்குமதிக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகும் நேபாள எல்லை வழியாக மூட்டை மூட்டையாகக் கடத்தி வருவதும், அதிகாரிகள் பிடிப்பதும் அவ்வப்போது செய்தித்தாளில் வரும். கெடுபிடியெல்லாம் பூண்டுக்குத்தான். சீனப் பூண்டு சாஸை எந்தச் சோதனைச்சாவடியும் மறிப்பதில்லை. செஞ்சி கூட்டுரோட்டில் பொழுது சாய்ந்து தள்ளுவண்டிகளில் அடுப்பு மூட்டியதும், சிக்கன் ரைஸ் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி சிவப்பாக அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

செஞ்சி லேசில் பிடிகொடுத்த ஊர் அல்ல. கோன்கள் தொடங்கி, நாயக்கர்கள் பெரிதாக்கிய கோட்டை. பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்துகொண்டு ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானை வருடக்கணக்கில் மலையடியில் காக்க வைத்தார். கோட்டை விழுந்தது 1698இல்தான். 1714இல் தேசிங்குராஜன் மாண்டபின் ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இத்தனை பேர் முட்டி மோதிய இடத்துக்குச் சீனப் படை மட்டும் வந்ததில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 கோட்டைகளைச் சேர்த்து மராட்டிய ராணுவ நிலவெளி என்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரே கோட்டை செஞ்சி. கோட்டையின் ராஜகிரி மலையைப் பார்க்க வருகிறவர்கள் இறங்கி வந்து பசியாறும் இடத்தில் மராட்டியச் சமையலும் இல்லை, பிரெஞ்சுச் சமையலும் இல்லை. சைனீஸ் இருக்கிறது.

இந்தச் சைனீஸ் எந்த வழியாக வந்தது என்று பின்னோக்கிப் போனால், ஒரே வழி என்று எதுவும் அகப்படாது. சாஸ் ஒன்றுதான், அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றும் வேறு வேறு கப்பலில், வேறு வேறு நூற்றாண்டில் ஏறி வந்தவை.

பூண்டிலிருந்து தொடங்குவோம். அதன் பிறந்த வீடு நடு ஆசியா, தியான்ஷான் மலைப் பக்கம். நாம் பயிரிடும் பூண்டு விதை பிடிப்பதில்லை. பல்லைப் பிரித்து ஊன்றினால்தான் அடுத்த பூண்டு. காற்றும் பறவையும் அதைச் சுமக்காது. மனிதக் கை படாமல் ஒரு காதம்கூட அது நகர்ந்திருக்க முடியாது என்பதால், பூண்டு வளரும் ஊருக்கெல்லாம் யாரோ ஒருவர் மடியில் முடிந்து கொண்டுபோயிருக்கிறார். 1890இல் ஹாமில்டன் போவர் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, இன்றைய சீனாவின் சின்ஜியாங் பகுதியில் இருக்கும் கூச்சாவில் பழைய பூர்ஜமரப்பட்டைச் சுவடி ஒன்றை விலைக்கு வாங்கினார். ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சம்ஸ்கிருத மருத்துவச் சுவடி, எடுத்த எடுப்பிலேயே பூண்டின் பெருமையைத்தான் பேசுகிறது. இந்திய மருத்துவம் பூண்டைப் பற்றி எழுதிய பழைய ஏடு சீன மண்ணில் கிடைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனப் பிக்கு பாஹியான், வடஇந்திய மத்தியதேசத்து மக்கள் வெங்காயமும் பூண்டும் தின்பதில்லை, சண்டாளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மட்டுமே தின்கிறார்கள் என்று எழுதி வைத்தார். அவருடைய சொந்த நாட்டுப் பௌத்த மடங்களிலும் பூண்டுக்கு அனுமதி கிடையாது. இங்கும் கோயில் மடைப்பள்ளியில் அது நுழையாது, விரத நாளில் வீட்டிலும் நுழையாது. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க முதலில் தேடுவது அதைத்தான். தள்ளிவைக்கவும் வேண்டும், இல்லாமலும் முடியாது என்று இரண்டு பெரிய நாடுகள் ஒரேபோல நடத்திய பொருள் பூண்டைத் தவிர வேறு எது என்று எனக்குத் தோன்றவில்லை.

மிளகாய் வேறு கதை. அது மெக்சிகோ பக்கத்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கோவாவில் இறக்கினார்கள். சீனத்தில் மிளகாயைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் முதல் குறிப்பு 1591ஆம் ஆண்டினது, காவ் லியன் என்பவர் எழுதியது. அவரும் அதைப் பூச்செடி போல அழகுக்குச் சொல்கிறாரே தவிர, குழம்புக்குச் சொல்லவில்லை. சிச்சுவான் மாகாணம் காரத்தில் புகழ்பெற்றது அதற்கு வெகுகாலம் கழித்து. அந்தப் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். பரங்கிப்பேட்டையும் தேவனாம்பட்டினமும் அவர் ஆட்சிக்குள் இருந்த துறைகள்; பரங்கியர் அங்கே இறங்கி வியாபாரம் செய்தார்கள். ஆக, சீனத்து மிளகாயும் செஞ்சி மிளகாயும் கிட்டத்தட்ட ஒரே வயசுப் பிள்ளைகள். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று சண்டை போட இடமில்லை.

எண்ணெய்க்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, ஊரார் வாயில் கமிட்டிக்கு, நெல்லோடு மூட்டை மூட்டையாக மல்லாட்டையும் வரும். வேர்க்கடலையைத் தென்னார்க்காட்டில் அப்படித்தான் சொல்வோம். அதுவும் தென்னமெரிக்கச் செடிதான், ஆனால் இந்த மாவட்டத்து மண்ணில் இரண்டு நூற்றாண்டாக வேர்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே விளைந்த மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி மார்செய் போய், எண்ணெயாகவும் சவுக்காரமாகவும் ஆகியிருக்கிறது. சாஸைக் கெட்டியாக்கும் மக்காச்சோள மாவு, சில வண்டிகளில் நிறத்துக்கும் புளிப்புக்கும் சேர்க்கும் தக்காளி இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்காதான். கணக்குப் பார்த்தால் இந்தச் சீன சாஸில் சீனத்தைவிடக் கொலம்பஸுக்குப் பாத்தியதை அதிகம்.

அப்படியானால் சீனம் எங்கே இருக்கிறது? சோயாவில், வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் புளிப்பு இனிப்பில், பிறகு கைப்பக்குவத்தில். சிச்சுவான் வீடுகளில் யூஷியாங் என்று ஒரு பக்குவம் உண்டு: ஊறுகாய் மிளகாய், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், சோயா, வினிகர், சர்க்கரை. மீன் சமைக்கிற வாசனைப் பொருள்களைக் கத்தரிக்காயிலும் பன்றிக்கறியிலும் போடுவது அது. மீன் ஒரு துண்டும் இருக்காது. மேல்நாட்டுச் சீன உணவகங்களில் இதையே பூண்டு சாஸ் என்று பட்டியலில் போட்டார்கள். நம் ஊர் சாஸுக்கு அது பெரியப்பா முறை. நேரடித் தகப்பன் கல்கத்தாவில் இருக்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், டோங் அச்சியூ என்ற சீனர் கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுக் கரும்பாலை வைத்தார். அவர் பெயரால் அந்த இடம் இன்றும் அச்சிப்பூர்தான். பின்னால் வந்த ஹக்கா மக்கள் தோல் பதனிடும் தொழிலில் இறங்கி, டாங்ரா பகுதியைத் தங்களுடையதாக்கினார்கள். மேல்சாதி இந்துக்கள் தொடாத தொழிலை அவர்கள் தொட்டார்கள் என்பதுதான் அங்கே நிலைத்த ரகசியம். 1962 சீனப் போர் அந்த நிலைப்பை உடைத்தது. ஏறக்குறைய 3,000 பேரை, இந்தியாவில் பிறந்தவர்களையும் சேர்த்து, ராஜஸ்தானின் தேவலி முகாமில் அடைத்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் வீட்டையும் கடையையும் வேறு ஆள் கையில் பார்த்துவிட்டு நாட்டைவிட்டே போனார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் பட்டறைகளை நகரத்தைவிட்டு வெளியேறச் சொன்னபின், இருந்தவர்களில் நிறையப் பேர் பட்டறையை உணவகமாக மாற்றினார்கள். வங்காளிக்குக் காரம் வேண்டும், மிளகாய் போட்டார்கள். மாட்டுக்கறி, பன்றிக்கறி எடுபடாது, கோழியைப் போட்டார்கள். சாஸை அங்கேயே காய்ச்சிப் புட்டியில் அடைக்கும் சீனக் குடும்பங்கள் அதற்கும் முன்பே, 1950களிலேயே இருந்தன. இந்தியாவுக்குள் சுற்றும் பச்சை மிளகாய் சாஸ், சிவப்பு மிளகாய் சாஸ் பலவற்றுக்கும் அவர்கள் புட்டிதான் முன்மாதிரி.

தோல் பட்டறைகள் உணவகமாவதற்கு முன்பே, கல்கத்தாச் சீனம் பம்பாய்க்குப் போய்விட்டது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975இல் அங்குள்ள கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் புதிதாக ஏதாவது கேட்ட வாடிக்கையாளருக்காகப் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயை எண்ணெயில் தாளித்து, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயாவையும் சோளமாவையும் போட்டார். சிக்கன் மஞ்சூரியன் பிறந்தது. மஞ்சூரியாவில் அப்படி ஒரு பண்டம் கிடையாது. தாளிப்பு நம்முடையது, முடிப்பு சீனத்தினுடையது. செஞ்சி வண்டி சாஸும் இந்தச் சூத்திரத்தை விட்டு ஒரு அடி விலகவில்லை. பிறகு ஷெஸ்வான் சட்னி என்று, சிச்சுவானின் எழுத்துக் குழப்பத்தோடு, புட்டிகள் மளிகைக் கடைக்கு வந்தன. அந்தச் சட்னியைப் பெரிதாக விற்ற கேப்பிடல் ஃபுட்ஸ் நிறுவனத்தை 2024இல் டாடா 5,100 கோடி மதிப்பில் வாங்கியது. பூண்டும் மிளகாயும் அரைத்த விழுதுக்கு இந்த விலை வரும் என்று எந்தப் பாட்டியும் நினைத்திருக்க மாட்டாள்.

தமிழ்நாட்டுக்குள் இன்னொரு கிளைவழி உண்டு, அதைச் சொல்லாமல் போனால் தப்பு. 1960களில் பர்மாவைவிட்டு வெளியேறிய தமிழர்கள் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே அத்தோ, மொய்ங்கா என்ற பர்மா நூடுல்ஸ் வகைகளை விற்கத் தொடங்கினார்கள். நூடுல்ஸோடு பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, பூண்டு பொரித்த எண்ணெய், மிளகாய்த்தூள். மேகி இந்தியாவுக்கு வந்தது 1983இல். அதற்கு வெகு முன்பே தள்ளுவண்டியில் நூடுல்ஸைக் கையால் பிசைந்து கொடுத்தவர்கள் இவர்கள். பூண்டு எண்ணெயும் காரமும் சேர்ந்த தெருச் சாப்பாட்டுக்குத் தமிழ் நாக்கைப் பழக்கியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பது என் கட்சி.

கடைசியில் கூட்டுரோடு. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை பஸ்கள் நின்று போகும் இடத்தில் வண்டி. மாஸ்டர் கரண்டியின் முனையால் வரிசையாக இருக்கும் டப்பாக்களைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறார்: உப்பு, வெள்ளை மிளகுத்தூள், அஜினமோட்டோ. கடாயில் எண்ணெய் புகைந்ததும் எவர்சில்வர் டப்பாவிலிருந்து அரைத்த பூண்டு ஒரு கோலி அளவு விழுகிறது. அடுப்பு ஜெட் விமானம் போல இரைய, பூண்டு கடாயில் தனியாக இருப்பது ஐந்தாறு நொடிதான். நிறம் மாறுவதற்குள் முட்டைக்கோஸ் விழுந்து சூட்டைக் குடித்துவிடும். தட்டோரச் சாஸ் தனி டப்பாவில், காலையிலேயே வீட்டில் காய்ச்சி எடுத்து வந்தது.

"மல்லாட்ட எண்ணெயிலயா செய்யிறீங்க?" என்று கேட்டேன்.

"பாமாயில்தான் சார். மல்லாட்ட எண்ணெ ஊத்துனா, நீங்க குடுக்கிற காசுல எனக்கு பிளேட்டுதான் மிஞ்சும்." கரண்டியைக் கடாயில் தட்டிக்கொண்டே சேர்த்தார்: "பூண்டு வெல ஏறுனப்பதான் சார் நொந்துட்டோம். சாஸ் இன்னும் கொஞ்சம்னு கேட்டா மூஞ்சியக் காட்டவேண்டியதாப் போச்சு."

2024இன் தொடக்கத்தில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியதைச் சொல்கிறார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, மணமும் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு வண்டிகளின் வயிற்றை நிரப்புவது மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோர், நீமச் வயல்கள். அங்கே மழை தப்பினால் செஞ்சியில் சாஸ் நீர்க்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாஸ் செக்கச்செவேல் என்று இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாடு தடை போட்டது. அடுத்த மாதமே கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் கூடாது என்றது. மிளகாயின் சிவப்பு எண்ணெயில் கரைந்து, ஓரத்தில் ஆரஞ்சாகத் தெளியும். ரோடமின் போன்ற சாயத்தின் சிவப்பு தண்ணீரில் கரைந்து விரலில் ஒட்டும். பெரும்பாலும் இரண்டையும் பார்த்தாலே தெரியும்.

வீட்டில் செய்வதற்கு இதுவே போதுமான காரணம். ஆனால் வண்டியைப் பார்த்து அப்படியே செய்யக்கூடாது. அந்தத் தீ நம் வீட்டு அடுப்பில் கிடையாது. அதைப் பிடிக்கப் போனால் பூண்டு கருகிக் கசக்கும். வீட்டு அடுப்புக்கு நிதானம்தான் சரிப்படும். உரித்த பூண்டு 100 கிராம் எடுத்துக்கொண்டால், பாதியைப் பொடியாக நறுக்கவும், பாதியை அரைக்கவும். நசுக்கும்வரை பூண்டுக்கு அந்த நெடி கிடையாது. பல்லுக்குள் தனித்தனியாக இருக்கும் அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் நசுங்கும்போது கலந்து அல்லிசின் உண்டாகிறது, நெடி அதனுடையது. சூடு பட்டாலும் புளிப்பு பட்டாலும் நொதி அடங்கிவிடும். முழுப் பல் போட்ட பூண்டுக் குழம்பு இனிப்பதும், பச்சைப் பூண்டுத் துவையல் கண்ணில் நீர் வரவைப்பதும் அதனால்தான். ஆகவே நறுக்கிப் பத்து நிமிஷம் சும்மா வைத்துவிட்டு அடுப்பேற்ற வேண்டும். அரைக்கும்போதே வினிகரை ஊற்றி அரைக்கிறவர்கள் நெடியைப் பிறக்கவிடாமல் கொல்கிறார்கள்.

மிளகாய், நிறத்துக்குக் காஷ்மீரி பதினைந்து, காரத்துக்கு நீட்டு மிளகாய் பத்து. விதையைத் தட்டிவிட்டு வெந்நீரில் அரைமணி ஊறப்போட்டால் மையாக அரைபடும். கடலை எண்ணெய் அரை டம்ளர். கை நடுங்கக் கூடாது; எண்ணெய் குறைந்தால் இது சாஸ் ஆகாது, துவையல்தான் ஆகும். எண்ணெய் மிதமாகச் சூடானதும் நறுக்கிய பூண்டைப் போட்டு, சின்னத் தீயில், ஓரம் பொன்னிறமாகிற வரைக்கும் மட்டும் வதக்கவும். நடுவரை பொன்னிறமாகக் காத்திருந்தால் இறக்கிய பிறகும் எண்ணெய்ச் சூட்டில் கருகும். பிறகு நறுக்கிய இஞ்சி, அரைத்த பூண்டு, மிளகாய் விழுது என்று வரிசையாக விழ வேண்டும். எண்ணெய் பிரிகிற வரைக்கும் கிளறுவதைத் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சோயா ஒரு மேசைக்கரண்டி. அதிலேயே உப்பு இருக்கிறது என்பதால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடவும். சர்க்கரை ஒரு டீஸ்பூன், வினிகர் இரண்டு மேசைக்கரண்டி. அஜினமோட்டோ வேண்டுமா? 1908இல் ஜப்பானியர் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்த அந்தச் சுவை சோயாவிலும் தக்காளியிலும் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு வேண்டாம், போடுகிறவர்களோடு சண்டையும் இல்லை.

வினிகர் பட்ட பூண்டு சில நேரம் பச்சையாக, நீலம் பாய்ந்ததுபோல மாறும். பயந்து கொட்டிவிடுகிறார்கள். பூண்டின் கந்தகப் பொருள்கள் புளிப்பில் செய்யும் வேலை அது, விஷமில்லை. வடசீனத்தில் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள் பூண்டை வினிகரில் ஊறப்போட்டு, பச்சை மரகதமாக மாறும்வரை காத்திருந்தே தின்கிறார்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பூண்டு மண்ணுக்குள் விளைவது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி மண்ணில் இருப்பது. எண்ணெய்க்குள் காற்றில்லாமல், புளிப்பில்லாமல், அறைச்சூட்டில் கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்டுவைத்த பூண்டால் 36 பேர் படுத்தார்கள். மணமோ நிறமோ காட்டிக்கொடுக்காது. அதனால் வினிகரைக் குறைக்காமல், ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில், ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஊறுகாய் ஜாடியோடு பரணில் ஏற்றுகிற பண்டம் அல்ல இது.

சோளமாவை மொத்தத்தோடு கலக்காமல் இருப்பதும் நல்லது. கலந்தால் மறுநாள் நீர்விட்டுப் பிரிந்து கிடக்கும். விழுதாகவே வைத்துக்கொண்டு, வேண்டியபோது இரண்டு கரண்டி எடுத்து, கால் டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் மாவைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டால் வண்டியில் பார்த்த பளபளப்பு வந்துவிடும். காலிஃபிளவருக்கும் சோற்றுக்கும் அப்படி. இட்லிக்கும் தோசைக்கும் மாவே வேண்டாம், விழுதே போதும். பங்குனி வெயிலில் கேழ்வரகுக் கூழுக்குச் சின்ன வெங்காயத்துக்குப் பதில் இதைத் தொட்டுக்கொண்டு பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் உண்டு; ஜாடி காலியாவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.